பத்தாம் நம்பர் ஜேர்சி: பெங்களூரில் முடிந்த ஒரு பிரேஸில் பயணம்

உலகக் கிண்ணம் வந்துட்டா எங்க தோட்டத்துல லயக் கூரைகளுக்கு மேல ரெண்டு கொடிதான் பறக்கும். ஒன்று ஆர்ஜென்டீனா, மற்றது பிரேஸில். இலங்கை அந்தப் போட்டிக்குப் போனதே இல்லை, அதனால யாருக்கும் குற்ற உணர்ச்சி கிடையாது. எங்க டிவிசன் டீம் ஜேர்சியும் மஞ்சள்தான். ஹட்டன் டவுன்ல மொத்தமா வாங்கி, முதுகில நம்பர் அடிச்ச மஞ்சள். அதுல பத்தாம் நம்பர் யாருக்கு என்று வருஷா வருஷம் சண்டை நடக்கும். போன வருஷம் அது என் தம்பிக்குக் கிடைச்சுது.

அந்த ஜேர்சியைப் போட்டுக்கொண்டுதான் அவன் தீபாவளிச் சுற்றுப்போட்டியில எதிர்டீம் கோல் கீப்பரோட மோதி விழுந்தான். அதைப் பிறகு சொல்றேன். அவன் இப்ப நல்லா இருக்கான். ஆனா அந்த ராத்திரி தூக்கம் வராம ஃபோன்ல தேடிக்கொண்டிருந்தபோதுதான் இன்னொரு பத்தாம் நம்பர் காரரைக் கண்டேன். பெயர் கிறிஸ்டியானோ ஜூனியர். பிரேஸில்காரர். நெய்மார், ரொனால்டோ வரிசையில வராத பிரேஸில்காரர். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

ஊர் ஊராய் ஆடுகிறவர்கள்

பிரேஸில் என்றால் நமக்கு ஐந்து உலகக் கிண்ணங்கள் ஞாபகம் வரும்: 1958, 1962, 1970, 1994, 2002. அந்த ஐந்து அணிகளிலும் ஆடியவர்கள் எல்லோரையும் கூட்டினாலும் நூறு பேர் கூட வராது. ஆனால் பிரேஸிலில் உதைபந்தைத் தொழிலாகப் பதிவு செய்தவர்கள் பல்லாயிரம் பேர். அந்நாட்டு உதைபந்து சம்மேளனம் 2015ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்குப்படி, அவர்களில் நூற்றுக்கு எண்பத்திரண்டு பேரின் மாதச் சம்பளம் 1000 ரெயாலைத் தாண்டவில்லை. அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலியை ஒட்டிய தொகை அது. நாம் ரீவியில் பார்க்கும் பிரேஸில் வேறு, சம்பளப் பட்டியலில் இருக்கும் பிரேஸில் வேறு.

அதனால அவர்கள் கிளம்புறாங்க. நாடு விட்டு நாடு மாறும் ஆட்டக்காரர்களில் எந்த நாட்டவர் அதிகம் என்று ஃபிஃபா கணக்கெடுத்தால், வருஷா வருஷம் பிரேஸில்தான் முன்னுக்கு நிற்கும். அலெக்ஸ் பெல்லோஸ் என்ற பத்திரிகையாளர் 2002இல் பிரேஸில் உதைபந்து பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் அதை ரியோவில் ஆரம்பிக்கவில்லை. வட அட்லாண்டிக்கில், குளிரில் விறைத்துப் போய்க் கிடக்கும் ஃபாரோ தீவுகளில் ஆரம்பித்தார். அங்கேயும் பிரேஸில்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினர் இந்தியாவுக்கு வந்தார்கள். இந்தியாவில் 1996இல் தேசிய உதைபந்து லீக் ஆரம்பமானது. கொல்கத்தா, கோவா, மும்பைக் கழகங்கள் நைஜீரியா, கானா, உஸ்பெகிஸ்தான், பிரேஸில் என்று ஆள் தேடின. நம் நாட்டு லீக்கில நைஜீரியாக்காரரும் கானாக்காரரும் ஆடுறதை நீங்க பார்த்திருப்பீங்க. அதே பாதைதான்.

அந்தப் பாதையில் வந்து வாழ்ந்து காட்டியவர் ஹோசே பாரெட்டோ. போர்ட்டோ அலெக்ரேயில் பிறந்தவர். 1999இல் கொல்கத்தாவின் மோகன் பகானுக்கு வந்தார். லீக் கிண்ணங்கள் வென்று கொடுத்தார். நடுவில் மலேசியாவுக்கும், மும்பையின் மஹிந்திரா யுனைட்டெட்டுக்கும் போய், திரும்பி வந்து, 2012 வரை அதே கழகத்துக்கு ஆடினார். கொல்கத்தா ரசிகர்கள் அவருக்கு 'பச்சைக்கிளி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வந்த ஊரிலேயே சொந்தக்காரராகிப் போனவர் அவர்.

கிறிஸ்டியானோ ஜூனியருக்கு அவ்வளவு காலம் கிடைக்கவில்லை. கொல்கத்தாவின் இன்னொரு பெரிய கழகமான ஈஸ்ட் பெங்கால்தான் இந்தியாவில் அவரைப் பெரிய பெயராக்கியது. 2003–04 பருவத்தில் ஈஸ்ட் பெங்கால் தேசிய லீக்கை வென்றபோது, லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் அவர்தான். பதினைந்து கோல்கள். அடுத்த பருவத்துக்கு அவரைக் கோவாவின் டெம்போ கழகம் கூட்டிக்கொண்டு போனது. அங்கே அவருக்குப் பத்தாம் நம்பர். அப்போது வயது 25.

கோப்பி, ரயில், பந்து

நான் படிப்பது வரலாறு. அதனால என் மூளை உடனே இன்னொரு பக்கம் ஓடிச்சுது. பிரேஸிலுக்கு உதைபந்து எப்படிப் போனது?

பிரேஸிலில் எல்லோரும் சொல்லும் ஒரு பெயர் சார்ள்ஸ் மில்லர். சாவோ பாவ்லோவில் பிறந்தவர். தகப்பன் ஸ்கொட்லாந்துக்காரர், ரயில்வே வேலைக்காக அங்கே போனவர். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1894இல் பெட்டியில் இரண்டு பந்தோடும் விதிமுறைப் புத்தகத்தோடும் மில்லர் திரும்பி வந்தார். அடுத்த வருஷம் ரயில்வே ஊழியர்களுக்கும் காஸ் கம்பனி ஊழியர்களுக்கும் ஒரு ஆட்டம் நடத்தினார். பிரேஸில் உதைபந்தின் தொடக்கமாகப் பலர் குறிப்பிடும் ஆட்டம் அது.

அந்த ரயில் எதற்காகப் போடப்பட்டது? கோப்பிக்காக. மேட்டுநிலத் தோட்டங்களில் விளைந்த கோப்பியை சான்டோஸ் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக. பிரித்தானிய முதலீட்டில் கட்டிய அந்தப் பாதை 1867இல் திறக்கப்பட்டது. இலங்கையில் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட பாதை கண்டியைத் தொட்டதும் அதே 1867இல்தான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டதும் அதே வருஷம்தான்.

அதாவது ஒரே பயிர், ஒரே காலம், ஒரே மாதிரிப் பாதை. அங்கே 1888 வரை அடிமைகளும், அதன் பிறகு இத்தாலியிலிருந்து வந்த குடியேறிகளும் கோப்பி பறித்தார்கள். இங்கே தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்த நம்ம முன்னோர் பறித்தார்கள். 1869இல் இங்கே இலைநோய் கண்டது. இருபது வருஷத்துக்குள் இலங்கைக் கோப்பி கிட்டத்தட்ட அழிந்து, தேயிலை வந்தது. பிரேஸிலை அந்த நோய் 1970 வரை எட்டவில்லை. அவர்கள் கோப்பியிலேயே நின்றார்கள், உலகச் சந்தையைப் பிடித்தார்கள்.

எங்க லயத்துல மஞ்சள் கொடி பறக்கிறது பெலேயாலும் ரீவியாலும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். நமக்கும் அவர்களுக்கும் அதைவிடப் பழைய சொந்தம் ஒன்று இருக்கு.

துண்டும் பாஸேயும்

சொந்தம் அதோட முடியவில்லை.

மலையகத்தில் 'துண்டு முறை' என்று ஒன்று இருந்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கங்காணி தன் ஆட்களோடு ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் ஆட்களை விடுவேன் என்பதுதான் சீட்டின் சாரம். புதிய தோட்டம் காசைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் ஆட்களின் தலையில் ஏறும். கைமாறின காசில் அவர்களுக்கு ஒரு சதமும் இல்லை, அவர்களின் பெயரில்தான் அது மாறியது. சட்டம் அதை 1921இல் ஒழித்தது.

பிரேஸில் உதைபந்தில் 'பாஸே' என்று ஒரு முறை இருந்தது. ஒரு ஆட்டக்காரரின் ஒப்பந்தம் முடிந்தாலும் அவர் சும்மா கிளம்பிப் போக முடியாது. அவருடைய பாஸே கழகத்தின் கையில். வேறு கழகம் காசு கட்டி அதை வாங்கினால்தான் அவர் இடம் மாறலாம். யாரும் வாங்காவிட்டால் வேலையும் இல்லை, விடுதலையும் இல்லை. விளையாட்டு அமைச்சராக இருந்த பெலேயின் பெயராலேயே அழைக்கப்படும் 1998ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது. நடைமுறையில் பாஸே மறைந்தது 2001 மார்ச்சில். ஐரோப்பாவில் பொஸ்மன் என்ற பெல்ஜிய ஆட்டக்காரர் போட்ட வழக்கின் தீர்ப்பு 1995இல் இதே கதவைத் திறந்திருந்தது.

ரெண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. பந்தாட்டக்காரர் பட்டினியில் மலை ஏறியவர் இல்லை. அவருக்குக் கையெழுத்துப் போடவும் போடாமல் விடவும் ஓரளவு வழி இருந்தது. லயத்துக் காம்பராவில் எட்டுப் பேரோடு படுக்கவும் இல்லை. ஆனால் ஒரு மனிதனின் உழைப்பை அந்த மனிதனிடமிருந்து பிரித்து, ஒரு சீட்டாக்கி, அதை மூன்றாம் ஆளுக்கு விற்கலாம் என்ற யோசனை ரெண்டிலும் ஒன்றுதான். கோப்பித் தோட்டம் வைத்தவர்களுக்குப் பழகிப்போன யோசனை அது.

கிறிஸ்டியானோ ஜூனியர் பாஸே ஒழிந்த பிறகு வந்த தலைமுறை. சட்டப்படி சுதந்திரமான ஆள். ஆனால் ஊர் ஊராய் ஆடுகிறவரின் சுதந்திரத்துக்கு ஒரு விலை இருக்கு. ஒப்பந்தம் ஒரு பருவத்துக்கு. காயப்பட்டால் அடுத்த பருவம் இல்லை. அதனால ஒவ்வொரு பந்துக்கும் ஓட வேண்டும், வெற்றி உறுதியான ஆட்டத்திலும்.

2004 டிசம்பர் 5

பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா மைதானம். ஃபெடரேஷன் கோப்பை இறுதிப் போட்டி. டெம்போவும் மோகன் பகானும். டெம்போ அந்தக் கோப்பையை அதுவரை வென்றதில்லை.

ஜூனியர் ஒரு கோல் அடித்தார். டெம்போ முன்னணியில். 78ஆவது நிமிடத்தில் இன்னொரு பந்து அவருக்கு வந்தது. மோகன் பகான் கோல் கீப்பர் முன்னால் பாய்ந்து வந்தார். ஜூனியர் பந்தை வலைக்குள் அனுப்பினார். அதே கணத்தில் இருவரும் மோதினார்கள். பந்து உள்ளே போனது, ஜூனியர் விழுந்தார். எழும்பவில்லை.

கோல் விழுந்ததும் ஓடி வந்தவர்கள் முதலில் கொண்டாடத்தான் ஓடி வந்திருப்பார்கள். பிறகுதான் விளங்கியிருக்கும். மைதானத்திலேயே அவருக்கு மூச்சுக் கொடுக்கப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இறந்துவிட்டார் என்று அங்கே சொல்லப்பட்டது.

டெம்போ 2–0 என்று வென்றது. இரண்டு கோலும் அவருடையது.

அந்த 2004 உதைபந்துக்கு மோசமான வருஷம். ஜனவரியில் போர்த்துக்கலில் பென்ஃபிகா கழகத்தின் மிக்லோஷ் ஃபெஹெர் ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்தார். அக்டோபர் 27இல் சாவோ பாவ்லோவில் சாவோ கயட்டானோ கழகத்தின் செர்ஜின்யோ அதே போல விழுந்தார். அவருடைய இதயத்தில் கோளாறு இருந்தது கழகத்துக்கு முன்பே தெரியும் என்று வெளிவந்ததும் அந்தக் கழகத்தின் 24 புள்ளிகள் பறிக்கப்பட்டன. அது நடந்து ஆறு வாரம் கூட ஆகவில்லை, ஒரு பிரேஸில்காரர் பெங்களூரில் இறக்கிறார்.

மைதானத்தில் முதலுதவி ஏற்பாடு போதவில்லை என்று இந்தியாவில் பெரிய விமர்சனம் எழுந்தது. ஆனால் கோபத்தின் பெரும்பகுதி போய் விழுந்தது கோல் கீப்பர் மேல். பெயர் சுப்ரதா பால். இருபது வயது கூட ஆகாத பையன். அவருக்குச் சில காலம் ஆடத் தடை விதித்தார்கள். கொலைகாரன் என்று கூடச் சிலர் பேசினார்கள்.

அவர் விளையாட்டை விட்டுப் போகவில்லை. 2011 ஜனவரியில் தோஹாவில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் இந்தியாவின் கோல் கீப்பர் அவர்தான். தென்கொரியாவிடம் இந்தியா 1–4 என்று தோற்ற ஆட்டத்தில் அவர் பந்து பந்தாகத் தடுத்ததைப் பார்த்தவர்கள் 'ஸ்பைடர்மேன்' என்றார்கள். 2016இல் அர்ஜுனா விருது. இப்போது அந்தப் பழைய வீடியோவைப் பார்க்கிற போது எனக்கு ரெண்டு பேரைப் பார்த்தும் பாவமாகத்தான் இருந்தது. பந்துக்குப் பாய வேண்டியது கீப்பரின் வேலை. கோலுக்கு ஓட வேண்டியது பத்தாம் நம்பரின் வேலை. விழுந்தவரைத் தூக்க ஆள் வைக்க வேண்டியது யாருடைய வேலை? அதை அவ்வளவு பேர் கேட்கவில்லை.

டெம்போ அந்தப் பருவத்தின் தேசிய லீக்கையும் வென்றது. பத்தாம் நம்பர் ஜேர்சியை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தது. அடுத்த சில வருஷங்களில் இந்தியாவின் மிகப் பலமான அணிகளில் ஒன்றானது. பத்தாம் நம்பர் இல்லாமலே.

நமக்கு 2004 டிசம்பர் என்றால் 26ஆம் திகதிதான் ஞாபகம் வரும். மூன்று வாரத்தில் கடல் வந்து எல்லா ஞாபகங்களையும் மூடிவிட்டது. அவ்வளவு பெரிய சாவுக்கு முன்னால் ஒரு ஆட்டக்காரரின் சாவு சின்னது. அதில் தப்பு இல்லை. ஆனால் சின்னதென்று விட்டதில் ஒரு பாடமும் விட்டுப்போனது.

அதே ஊர், ஏழு வருஷம் கழித்து

2012 மார்ச் 17, லண்டன். போல்டன் அணியின் ஃபப்ரிஸ் முவம்பா ஆட்டத்தின் நடுவே விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. மருத்துவர்கள் ஓடி வந்தார்கள். பார்க்க வந்திருந்த ஒரு இதய மருத்துவரும் கூட்டத்திலிருந்து இறங்கி ஓடினார். 78 நிமிடங்கள் அவருடைய இதயம் தானாகத் துடிக்கவில்லை. ஆனாலும் பிழைத்தார்.

நான்கு நாள் கழித்து, மார்ச் 21, பெங்களூர். உள்ளூர் லீக் ஆட்டம் ஒன்றில் டி. வெங்கடேஷ் என்ற 27 வயது ஆட்டக்காரர் மாற்று வீரராக இறங்கினார். ஆட்டம் முடியும் நேரம் மயங்கி விழுந்தார். மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. கூட ஆடியவர்கள் அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிழைக்கவில்லை.

ஜூனியர் இறந்த அதே ஊர். ஏழு வருஷம் தள்ளி. முவம்பாவுக்கும் வெங்கடேஷுக்கும் இடையில் இருந்தது நான்கு நாள். ஒருவருக்கு இதயத்தை மீண்டும் இயக்கும் கருவியும் அதை வைத்திருக்கிற ஆளும் பக்கத்தில். மற்றவருக்கு ஓட்டோ. இதயம் நின்றால் அந்த மின்னதிர்ச்சி தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏழிலிருந்து பத்து வீதம் வரை குறையும் என்கிறது மருத்துவம். பத்து நிமிடம் என்றால் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. 2021இல் டென்மார்க்கின் எரிக்ஸன் கொப்பன்ஹேகனில் விழுந்து எழும்பியதை நாம எல்லாரும் பார்த்தோம். கடவுள் காப்பாற்றினார் என்று அன்றைக்கு ஸ்டேட்டஸ் போட்டோம். காப்பாற்றியது ஓடி வந்த ஆட்களும் அந்தக் கருவியும்.

எங்க கிரவுண்ட்

இப்ப தம்பி கதை.

எங்க தோட்டத்து கிரவுண்ட் ஒரு பக்கம் சரிவு. அடிச்ச பந்து தேயிலைக்குள்ள உருண்டா ரெண்டு பேர் இறங்கித் தேடணும். தீபாவளிச் சுற்றுப்போட்டிக்குச் சுத்துவட்டாரத் தோட்டங்களில இருந்து பதினாறு டீம் வரும். ஸ்பீக்கர் கட்டுவாங்க. கிண்ணம் ஒரு ஆள் உயரத்துக்கு இருக்கும். கொழும்பில கடையில நிக்கிற பொடியன்கள் எல்லாம் லீவு போட்டு வந்து ஆடுவாங்க. யோசிச்சா அவங்களும் ஊர் ஊராய்ப் போகிறவர்கள்தான். வருஷத்தில ஒரு நாள் மஞ்சள் ஜேர்சி போட வீட்டுக்கு வாறாங்க.

அரையிறுதியில தம்பி உயரப் பந்துக்கு எம்பினான். கீப்பரும் எம்பினான். தலையும் முழங்கையும் மோதி, தம்பி கீழே விழுந்து அசையவில்லை. ஸ்பீக்கர்ல பாட்டு ஓடிக்கிட்டே இருந்தது. யாரோ முகத்தில சோடா ஊத்தினாங்க. யாரோ கையைத் தேய்ச்சாங்க. ஒருத்தர் கழுத்தைத் திருப்பப் பார்த்தார். இப்ப நினைச்சாலும் எனக்கு உடம்பு நடுங்குது. ஒரு ஓட்டோவைப் பிடிச்சு, மூணு பேர் மடியில அவனைப் படுக்க வச்சு, கல்லுப் பாதையில குலுக்கிக் குலுக்கி இறக்கினாங்க. பாதி வழியில கண் முழிச்சான். முதல் கேள்வி "கோலா அக்கா?" என்று. சிரிச்சேன், அழுதேன்.

கோல் இல்லை. மேல போயிட்டுது.

அந்த மற்ற டீம் கீப்பர் பொடியன் ஆஸ்பத்திரி வாசல்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் நின்றான். ஒருத்தரும் அவனோட பேசல்ல. அம்மாதான் போய் "நீ சாப்பிட்டியா மகன்?" என்று கேட்டாங்க. சுப்ரதா பாலைப் பற்றி வாசிக்கிற போதெல்லாம் எனக்கு அந்தப் பொடியன் முகம்தான் வரும்.

சுற்றுப்போட்டிக் கணக்கைப் பிறகு கேட்டுப் பார்த்தேன். கிண்ணத்துக்கு, ஸ்பீக்கருக்கு, பிரதம விருந்தாளி மாலைக்கு எல்லாம் காசு ஒதுக்கி இருந்தது. முதலுதவி என்று ஒரு வரி இல்லை. யாரும் கெட்டவங்க இல்லை, யாருக்கும் தோணல்ல. பெங்களூரிலயும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வருகிற வருஷத்துக்கு நானும் கமிட்டியில பேர் கொடுத்திருக்கேன். கேட்கப் போறது பெரிய விஷயங்கள் இல்லை. ஆட்டம் முடியும் வரைக்கும் ஒரு வாகனம் கிரவுண்டுக்குப் பக்கத்தில மூஞ்சியைப் பாதைப் பக்கம் திருப்பி நிக்கணும். சாரதி அதைவிட்டு இறங்கக் கூடாது. 1990 நம்பரை ஸ்பீக்கர்காரர் கையில எழுதிக் கொடுக்கணும், எந்த முச்சந்தியில வண்டியைச் சந்திக்கிறது என்று முதல்லயே முடிவு பண்ணணும். டீமுக்கு ரெண்டு பேராவது நெஞ்சை அழுத்தி உயிர் கொடுக்கிற முதலுதவியைப் பழகணும். ஒரு பின்னேரத்தில பழகலாம். எங்க கெம்பஸ்ல சொல்லிக் கொடுத்தாங்க, நானே பழகிட்டேன். விழுந்தவர் கழுத்தைத் தொடக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லணும். கிண்ணம் ரெண்டடி குறைஞ்சாலும் பரவாயில்லை.

கமிட்டியில ஒரு அண்ணன் கேட்டார், "தம்பிக்கு அடிபட்டதால பத்தாம் நம்பரை நிப்பாட்டிடலாமா? டெம்போக்காரங்க செஞ்ச மாதிரி?" கதையை அவருக்கு நான்தான் சொல்லியிருந்தேன்.

வேணாம் என்றேன். அது செத்தவருக்குச் செய்த மரியாதை. எங்க பத்தாம் நம்பர் உயிரோட இருக்கான், ஆட வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். அவனுக்கு மரியாதை வேணாம், வாகனம் போதும்.